பாக்கி யாருக்கும் இல்லை என்று சொன்ன குவெரி

கல்லூரிக் கட்டணம் யார் யார் கட்டவில்லை என்று டேட்டாபேஸிடம் குவெரி (கேள்வி) போட்டு, விடை பூஜ்யம் என்று வந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நான் சந்தோஷப்பட்டேன். அதோடு நிற்காமல் முதல்வர் அறைக்கே போய், "எல்லோரும் கட்டிவிட்டார்கள் சார்" என்று சொல்லிவிட்டும் வந்தேன். அவரும் நம்பி, ஹால் டிக்கெட்டுகளைக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

வேலை என்னவோ சின்னதுதான். மாணவர் டேபிள் ஒன்று, ரசீது டேபிள் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாகச் சேர்க்கை எண். முதல் டேபிளில் இருந்து இரண்டாவதில் இல்லாதவர்கள்தான் இந்தப் பருவத்துக் கட்டணம் கட்டாதவர்கள். 'நாட் இன்' ('இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்') போட்டு, அடைப்புக்குறிக்குள் ரசீது டேபிளின் எண்களை எடுக்கச் சொன்னேன். ஒரு வரிகூட வரவில்லை.

மறுநாள் காலை கட்டண கவுண்டர் அக்கா போன் செய்தார். "தம்பி, எல்லோரும் கட்டிவிட்டதாகச் சொன்னீர்களாமே? மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் பணத்தோடு என் முன்னால் நிற்கிறான்."

பதறிப்போய் 'லெஃப்ட் ஜாயின்' எழுதினேன். ரசீது இல்லாவிட்டாலும் எல்லா மாணவரையும் வைத்துக்கொண்டு, ரசீதைப் பக்கத்தில் சேர்க்கும் முறை அது; ரசீது இடம் காலியாக இருப்பவர்களைப் பொறுக்கினால் போதும். அதிலும் பூஜ்யம். இந்த இடத்தில் தப்பு முழுக்க என்னுடையது. பருவம் எது என்ற நிபந்தனையை, சேர்த்த பிறகு வரிகளை வடிகட்டும் 'வேர்' (where) பகுதியில் வைத்திருந்தேன். ரசீதே இல்லாத மாணவனுக்குப் பருவம் எங்கிருந்து வரும்? நான் தேடிய ஆட்களை நானே வடிகட்டி வெளியே கொட்டியிருக்கிறேன். அந்த நிபந்தனை, இரண்டு டேபிளும் எப்படிச் சேர வேண்டும் என்று சொல்லும் 'ஆன்' (on) பகுதிக்குள் இருக்க வேண்டும். மாற்றியதும் 187 பேர் வரிசையாக வந்து நின்றார்கள். 'நாட் எக்சிஸ்ட்ஸ்' ('இவருக்கு ரசீதே இல்லை') போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே 187.

அப்படியானால் முதல் குவெரி ஏன் பொய் சொன்னது? ரசீது டேபிளைத் துழாவியதில் சேர்க்கை எண்ணே இல்லாத ஒரு ரசீது கிடைத்தது. பழைய மாணவர் ஒருவர் சான்றிதழ் நகலுக்குக் கட்டிய பணம். எண் நினைவில் இல்லை என்றிருக்கிறார், காலியாக விட்டுவிட்டார்கள். அந்த ஒரு 'நல்' (மதிப்பே இல்லாத காலி இடம்) போதும். "இந்த எண் அந்தப் பட்டியலில் இல்லைதானே?" என்று கேட்டால், "காலியாக இருப்பது இந்த எண்ணாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது" என்கிறது டேட்டாபேஸ். தெரியாது என்பது ஆம் ஆகாது, அதனால் வரி விழுந்துவிடும். கட்டாத ஒவ்வொரு மாணவனுக்கும் இதே கதை. 'நல்' என்று பெயர் வைத்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது.

(முன்பு மைக்ரோசாஃப்ட்டின் அக்செஸ் டேட்டாபேஸில் வேலை பார்த்தபோது பொருந்தாத வரிகளைக் கண்டுபிடித்துத் தர, படிப்படியாகக் கேட்டுக் குவெரியைத் தானே எழுதும் ஒரு விசார்ட் இருந்தது. அது லெஃப்ட் ஜாயின்தான் எழுதும். அதனால் இந்தப் பள்ளத்தில் நான் விழுந்ததே இல்லை. சொந்தமாக எழுதத் தெரிந்துகொண்ட பிறகுதான் விழுந்திருக்கிறேன்.)

187 பேர் பட்டியலை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டாவது பெயரிலேயே பென்சிலை நிறுத்தினார். "இந்தப் பெண் ஆன்லைனில் கட்டிவிட்டு, அந்த ரசீதை என்னிடம் காட்டினாளே!"

பட்டியலை மறுபடி பார்த்தேன். தமிழ், கணிதம், வணிகவியல் பிள்ளைகளாகவே குவிந்திருந்தார்கள். கணினித் துறையில் நான்கைந்து பேர்தான். சேர்க்கை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் துறை எண். வணிகவியலுக்கு 04, கணினிக்கு 12. வங்கி அனுப்பிய கோப்பை யாரோ எக்செல்லில் திறந்து சேமித்திருக்கிறார்கள், அது முன்னால் இருந்த பூஜ்யங்களை விழுங்கிவிட்டது. 041043 என்பது 41043 ஆகிவிட்டது. பூஜ்யத்தைத் திருப்பிப் போட்டதும் 74.

அதிலும் எட்டுப் பேர் கட்டியவர்கள் என்றார் அக்கா. திரையில் எண் அச்சாக ஒன்றுபோலவே இருக்கிறது. எழுத்துகளை எண்ணச் சொன்னால் ஆறுக்குப் பதில் ஏழு. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் 'டிரிம்' போட்டும் அசையவில்லை. கடைசி எழுத்தின் குறியெண்ணைக் கேட்டதும் 160 என்று வந்தது. வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் இடைவெளி அது. சாதாரண இடைவெளியின் எண் 32, டிரிம் அதை மட்டும்தான் தொடும். இதற்கே மதியச் சாப்பாடு போயிற்று.

திருப்பிப் போட்டும் தேடுங்கள். ரசீது இருந்து மாணவர் இல்லாத வரிகள் எவை என்று பார்த்ததில் நான்கு கிடைத்தன. ஒன்று அந்தச் சான்றிதழ்க்காரர். மற்ற மூன்றில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' அடித்திருந்தார்கள். அந்த மூவரும் என் பட்டியலில் கடன்காரர்களாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களையும் கழித்தால் 63.

மாலையில் முதல்வர் அறைக்கு மறுபடியும் போனேன். "63 பேர் சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"இது குவெரி சொன்னதா?"

"கவுண்டர் அக்கா பார்த்துவிட்டார் சார்."

"அப்படியானால் சரி" என்று கையெழுத்துப் போட்டார்.