மாறாகக் காட்டப்பட்டாலொழிய

சட்ட விதிகளைக் கணினித் தர்க்கமாக எழுதும் வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு பழைய கட்டுரையைப் படித்தேன். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மாரெக் செர்காட், ராபர்ட் கோவால்ஸ்கி முதலானோர் 1981ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தைப் புரோலாக் என்ற, தர்க்க விதிகளாகவே எழுதும் நிரல்மொழியில் நிரலாக எழுதி, 1986இல் வெளியிட்டது. முதல் உட்பிரிவு சிக்கலில்லாதது. பிரிட்டனில் பிறந்து, பிறந்த வேளையில் தாயோ தந்தையோ அந்நாட்டுக் குடிமகனாகவோ அங்கேயே குடியமர்ந்தவராகவோ இருந்தால் குடியுரிமை உண்டு. நாலைந்து வரியில் அடங்கிவிடும்.

அடுத்த உட்பிரிவில் நின்றுவிட்டேன். கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தை, மாறாகக் காட்டப்பட்டாலொழிய, அங்கேயே தகுதியுள்ள பெற்றோருக்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும். பெற்றோர் யாரென்றே தெரியாது. தெரியாமலே சட்டம் குழந்தையின் பக்கம் நின்றுவிடுகிறது. நாளைக்கு உண்மை தெரியவந்தால் முடிவு மாறலாம். கணிதத் தர்க்கத்தில் ஒருமுறை நிரூபித்ததைப் புதுத் தகவல் கலைக்காது. சட்டத்தில் கலைக்கும்.

புரோலாக்கில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: ஒன்றை நிரூபிக்க முடியாவிட்டால் அது இல்லை என்று எடுத்துக்கொள்ளும். வசதியான வழிதான், ஆனால் அதில்தான் நான் தவறினேன். ஓர் உதவித்தொகைக்கான விதி: தானாக வேலையை விட்டவருக்குத் தொகை இல்லை, தக்க காரணம் இருந்தாலொழிய. 'வேலையை விட்டார், தக்க காரணம் இல்லை, எனவே நிராகரி' என்று ஒரே வரியில் எழுதினேன். சோதனை மனுக்களை ஓட்டிப் பார்த்தபோது வேலையை விட்ட அத்தனை பேரும் நிராகரிக்கப்பட்டிருந்தார்கள். எங்களோடு வேலை பார்த்த வழக்கறிஞர் மேடம் படிவத்தை எடுத்துப் புரட்டினார். காரணத்தை எழுத அதில் கட்டமே இல்லை.

"நாம கேட்கவே இல்லையே. அவங்க எப்படிச் சொல்லுவாங்க?" என்றார்.

உண்மையான மனுக்கள் வரும் முன்பே பிடிபட்டது பெரிய ஆறுதல். அன்றைக்கே படிவத்தில் கட்டம் சேர்த்தோம். அப்புறம் விதிகளை முதலிலிருந்து பிரித்தோம். ஒவ்வொரு நிபந்தனைக்குப் பக்கத்திலும் அதைக் காட்ட வேண்டியவர் யார் என்று எழுதினோம். பதில் வராத இடத்தில் நிரல் 'இல்லை' என்று முடிக்காமல் 'இதுவரை காட்டப்படவில்லை' என்று சொல்லி, உரியவரிடம் கேட்கும்.

ஒருவர் காட்டியதை மற்றவர் மறுக்கும் வாதங்களுக்கு, கணினி அறிவியலாளர் ஃபான் மின் டுங் 1995இல் முன்வைத்த முறை கைகொடுத்தது. வாதங்களைப் புள்ளிகளாகவும், ஒன்றை ஒன்று தாக்குவதை அம்புகளாகவும் வரைவது. 'தானாக வேலையை விட்டார், தொகை இல்லை' என்பது ஒரு வாதம். 'மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை' என்பது அதைத் தாக்கும். 'வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறியிருக்கிறது' என்பது இரண்டாவதைத் தாக்கினால், விழுந்த முதல் வாதம் மறுபடி எழுந்துவிடும். நீதிமன்றத்தில் நடக்கும் மல்லுக்கட்டு அப்படியே திரையில் தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எந்தக் காரணம் 'தக்கது' என்பதை மட்டும் நிரலிடம் விடவில்லை. பூங்காவுக்குள் வாகனம் கூடாதென்றால் அதில் சைக்கிள் சேருமா என்று சட்டத் தத்துவவாதி ஹெச். எல். ஏ. ஹார்ட் 1958இல் எழுப்பிய கேள்வி போன்றதுதான் இதுவும். அங்கே நிரல் நின்று, இரு பக்க வாதங்களையும் அதிகாரி முன் வைக்கும்.

இப்போதும் புது விதி வந்தால் மேடம் முதலில் அதை வாய்விட்டுப் படிப்பார். 'ஒழிய' வரும் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, "இதை யார் காட்டணும்?" என்பார். பதில் கிடைத்த பிறகுதான் நான் நிரலில் கைவைக்கிறேன்.