ஐந்தாம் நாள்

கண்ணாடி முன் நின்ற அக்கா, பழுப்பு மணல் ஒட்டியதுபோல் கன்னத்திலிருந்து உதிர்ந்துகொண்டிருந்த பொருக்குகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். லேசர் சிகிச்சை முடிந்து இன்று ஐந்தாம் நாள்.

“கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருக்கிறதே” என்றார், கவலையுடன்.

ஆண்டுக்கணக்கான வெயிலில் புற ஊதாக் கதிர்கள் சிதைத்தது மேல்தோலை மட்டுமன்று, அடியில் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகளையும்தான். 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள கரியமில வாயு லேசரின் ஆற்றலைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சிச் சூடாக, மிக நுண்ணிய துளைகள் விழுகின்றன. அவற்றுக்கிடையே விடப்பட்ட நலமான தோலிலிருந்தே புண் விரைந்து ஆறுகிறது.

அந்தச் சூடு தூண்டும் புதிய கொலாஜன் அமைந்துவரவோ மாதக்கணக்காகும். வெயிலால் படிந்த கருந்திட்டுகள் முதலில் மங்கும். சுருக்கம் மெல்லத்தான் இளகும். ஆழமான கோடுகள் முழுதும் மறைவதில்லை.

இடையில் வெயில் பட்டால், குறிப்பாக மாநிறத் தோலில், கருமை மீண்டும் படியக்கூடும்.

எழுந்துபோய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டேன்.