கை எரிகிறதென்றால் சொல்லிவிடுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களிடம் நான் முதலில் கவனிப்பது அவர்களுடைய கைகளைத்தான். சேர்ந்த புதிதில் எல்லார் கையும் நன்றாகவே இருக்கும். சில வாரம் போனால் விரல் இடுக்குகள் லேசாகச் சிவக்கத் தொடங்கும். மோதிரம் கிடந்த இடத்தில் வட்டமாகத் தோல் உரியும். புறங்கையில் மெல்லிய கோடுகள் விழுந்து, விரலை மடக்கினாலே தோல் இழுக்கும். கட்டை விரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு வரும். பஞ்சை எடுத்தால் அதன் இழை அந்த வெடிப்பில் சிக்கிக்கொள்ளும்.

என்னம்மா இது என்று கேட்டால், "இந்த வேலைன்னா இப்படித்தானே அக்கா" என்பார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடிவதில்லை. எரிகிற கையோடு வேலை பார்ப்பதில் பெருமை எதுவும் கிடையாது. வெடித்த தோலில் கிருமிகள், குறிப்பாக ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கூடுதலாகத் தங்கும். தேய்த்துக் கழுவினாலும் அவை எளிதில் போகாது. எரியும் என்று தெரிந்தால் எவ்வளவு பொறுப்பானவரும் தன்னை அறியாமல் அவசரமாகக் கழுவிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆக, நர்ஸின் கை கெட்டால் அது நோயாளியின் பிரச்சினையும்தான். இதை அழகு சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் பொறுமையாக வாதாடுவேன்.

எரிச்சல் வந்ததும் பலர் செய்வது ஒன்றுண்டு. ஹேண்ட்ரப் (கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால் திரவம்) சுருக்கென்று காந்துகிறது, எனவே சோப்பும் தண்ணீருமே சாது என்று முடிவு செய்து அதற்கு மாறிவிடுவார்கள். உண்மையில் தோலை அதிகம் பதம்பார்ப்பது சோப்புதான். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்து ஈரத்தைக் காக்கின்றன. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம். தோலின் இயல்பான அமிலத்தன்மை ஏறக்குறைய பிஎச் 5. சாதாரணக் கட்டி சோப்போ காரம், 9, 10 வரை போகும். ஹேண்ட்ரப்பிலோ தோலைக் காக்கவென்றே கிளிசரால் சேர்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் அது 1.45 சதவீதம். ஹேண்ட்ரப் காந்துகிறதென்றால், தோல் ஏற்கெனவே சேதமாகிவிட்டது என்று அர்த்தம்.

கையில் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ இரத்தமோ இருந்தால் சோப்பும் தண்ணீரும்தான். கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கிற நோயாளியைப் பார்த்தாலும் அதேதான், அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. மற்றபடி 20 முதல் 30 விநாடி ஹேண்ட்ரப் போதும். சோப்பில் கழுவுவதற்கு முழுதாக 40 முதல் 60 விநாடி வேண்டும். சோப்பில் கழுவிய கையோடு உடனே ஹேண்ட்ரப்பும் போட்டுக்கொள்வது கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கூடுதலாகக் கிடைப்பது எரிச்சல் மட்டும்தான்.

கழுவும்போது முதலில் கையை நனைத்துவிட்டு அப்புறம் சோப்பை எடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்ட வேண்டாம். விரல் இடுக்கிலும் மோதிரத்தடியிலும் சோப்பு தங்கிவிடும், அங்கேதான் முதல் சிவப்பு தோன்றும். மோதிரத்தை டூட்டிக்கு வரும்போது வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வது இதற்காகவும்தான். துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுசாகக் காயும் முன் கிளவுஸை மாட்டினால், அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுத் தோலை ஊறவைக்கும். அவசரத்தில் எல்லாரும் தவறவிடும் இடம் இது.

கிளவுஸ் என்றதும் நான் புதியவர்களிடம் தவறாமல் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1889-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவை அரங்கின் தலைமை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். அந்தக் காலத்தில் கிருமிநாசினியாகப் பயன்பட்ட மெர்குரிக் குளோரைடு கரைசல் பட்டுப் பட்டு அவருடைய கைகள் புண்ணாகிவிட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தை அணுகி அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்யச் சொன்னார். 1890-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அரங்கில் மற்றவர்களும் மெல்ல மெல்லக் கையுறை போடத் தொடங்க, நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்பது பிற்பாடு தெரியவந்தது. ஹால்ஸ்டெட்டின் மாணவர் ஜோசப் பிளட்குட் 1899-ல் அதை எழுதியே வைத்தார். இன்று நோயாளியைக் காக்கும் பொருளாக நாம் மாட்டிக்கொள்ளும் கிளவுஸ், ஒரு நர்ஸின் கையைக் காக்கத்தான் முதலில் அந்த அரங்குக்குள் வந்தது. தன் கை எரிகிறது என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் தெளிந்துவிடும்.

நகத்துக்கு வருவோம். நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடக்கும் பலகை போல நுனி அடுக்கடுக்காகப் பிரிந்து உடையும். கால்சியம் குறைவு என்று மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் இந்த நனைந்து காய்வதுதான். நுனி அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது நோயாளியைத் தொடுகிறவர்களுக்கான விதி. ஒட்டு நகம் கூடவே கூடாது. குட்டையாக வைத்தால் நகத்தடியில் கிருமி அவ்வளவாகச் சேராது, நகமும் எளிதில் உடையாது. வெட்டியதும் நுனியை ஒரே திசையில் மெல்ல ராவிவிடுங்கள்.

நகம் முளைத்து வரும் பக்கத்தில், நகமும் தோலும் சேரும் இடத்தில், மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக அதைத் தள்ளுவதும் வெட்டுவதும் வழக்கம். தண்ணீரோடு வேலை செய்கிறவர்கள் அதைத் தொடவே கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. நகத்துக்கும் தோலுக்கும் இடையே தண்ணீர் இறங்காமல் அடைத்து வைப்பது அதுதான். அது போய்விட்டால் இடுக்கு விழும். அதில் சோப்பும் ஈரமும் இறங்கி, நகத்தைச் சுற்றித் தோல் தடித்துச் சிவந்து வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். நகத்தின் மேல் குறுக்கே பள்ளமும் மேடுமாக வரிகள் தோன்றும். நாள்பட்ட நகச்சுற்று என்பது இதுதான். திடீரென்று விண்விண்ணென்று தெறித்துச் சீழ் கோக்கும் நகச்சுற்று வேறு, அதற்கு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாள்பட்டதில் பூஞ்சையும் குடியேறும் என்றாலும், வெறும் பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டு கையை ஈரத்திலேயே வைத்திருந்தால் ஆறாது. ஈரத்தைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். புண் ஆறிய பிறகும் அந்த வரிகள் வளர்ந்து வெளியேற அரை வருஷம் ஆகலாம். நகக்கண்ணில் உரிந்து நிற்கும் தோலைப் பல்லால் கடித்து இழுப்பதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை வராது. சுத்தமான சிறு கத்தரியால் அடியோடு நறுக்கிவிடுங்கள்.

கிரீம் விஷயத்தில் எது நல்ல கிரீம் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் கை கிரீம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கிக் கிரீம் தடவ யாருக்கு நேரம்? பம்ப் வைத்த பாட்டிலைச் சிங்க் பக்கத்திலேயே வைத்த பிறகுதான் எல்லார் கையும் அதைத் தேடிப் போனது. விரலை விட்டு எடுக்கும் டப்பா வேண்டாம், பொதுவில் வைத்தால் அதற்குள்ளேயே கிருமி வளரும். வாசனை இல்லாததாக இருக்கட்டும். பெட்ரோலியம் ஜெல்லி அருமையான பொருள், ஆனால் லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கிளவுஸை அது நைந்துபோக வைக்கும். டூட்டியில் லேசான கிரீம், இரவில் படுக்கும்போது ஜெல்லியைத் தாராளமாகத் தடவி மேலே பருத்திக் கையுறை. நகம் முளைக்கும் இடத்துத் தோலிலும் நக நுனியிலும் தடவ மறக்காதீர்கள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கையும் இதே கைதான், அங்கேயும் கிளவுஸ் வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஆறவில்லையென்றால் ஒவ்வாமையை யோசிக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஒரு தங்கைக்கு அரிப்பும் சிறு கொப்புளமுமாக வந்தது. சிவப்பு மணிக்கட்டில், கிளவுஸ் முடிகிற இடத்தில், கோடு போட்டாற்போல நின்றது. லேடெக்ஸை விட்டு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கிளவுஸுக்கு மாறியும் குறையவில்லை. சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தெரிந்தது, ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஆக்சலரேட்டர் ரசாயனங்கள் அவளுக்கு ஆகவில்லை. நைட்ரைலிலும் அவை இருக்கும். அவை இல்லாத கிளவுஸை அவளுக்கென்று வரவழைத்தோம். கை தேறும்வரை ஈர வேலை குறைவான இடத்தில் டூட்டி போட்டோம். இப்போது புதியவர்களின் முதல் வாரப் பயிற்சியில், கை கழுவும் முறையோடு அவர்களுடைய கையையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை மறுபடியும் பார்க்கிறோம்.