ஒரு குடம் தண்ணீரும் ஒரு தட்டு மண்ணும்

நன்னீர் உயிரினங்களைக் கணக்கெடுக்க ராமநாதபுரம் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். "அங்கே நன்னீருக்கு எங்கே போவாய்?" சாயல்குடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிய மூன்றாம் நாளே அது நியாயமான கேள்விதான் என்று தெரிந்துவிட்டது. மே மாதம். நான் பார்க்க வேண்டிய கண்மாய்கள் எல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. உள்வாயில் ஆடு மேய்ந்தது. கரையோரம் சீமைக்கருவேலம்.

படிவத்தில் ஆழம், வெப்பநிலை, உப்புத்தன்மை என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் கோடு போட்டு அனுப்பினேன். 'தண்ணீர் இல்லாத இடங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்' என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எனக்குக் கோபம்தான். இங்குள்ள கண்மாய்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வெட்டியவை. கோடையில் வற்றுவது அவற்றின் வழக்கம். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களும் கண்மாய்கள்தாம். மே மாதத்தில் போய் நின்று நாரை எங்கே என்று கேட்டால் யார் என்ன செய்வது?

பேராசிரியரைப் போனில் பிடித்தேன். "தண்ணீர் இல்லையென்றால் மண்ணை எடு" என்றார். வற்றும் குட்டைகளில் வாழும், இறால் வகையைச் சேர்ந்த சில நுண்ணிய ஓட்டுடலிகள் சாவதற்கு முன் தடித்த ஓடுள்ள முட்டைகளை இட்டுவிடும். அவை மண்ணோடு மண்ணாகக் காய்ந்து வருடக்கணக்கில் கிடந்தாலும் உயிர் போகாது. படித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

எங்கே தோண்டுவது? கண்மாயின் ஆழமான இடம் மடைக்கு முன்னால் உள்ள பள்ளம்தான், கடைசிவரை தண்ணீர் நின்ற இடம். அங்கே மண்வெட்டியோடு நின்ற என்னைப் பார்த்து கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் ஊர் நீர்பாய்ச்சி நெருங்கி வந்தார்.

"என்ன தம்பி தேடுறீங்க?"

"தண்ணியில இருக்கிற சின்னப் பூச்சிங்கய்யா. முட்டை மண்ணுல இருக்கும்."

"அப்ப இங்க எதுக்குத் தோண்டுறீங்க? இது மீன் கெடக்குற பள்ளம். கண்மாய் அழியிற அன்னைக்கு ஊத்தா போடுற எடம். பூச்சிய மீன் விட்டு வைக்குமா? அந்த ஓரக் குண்டுல எடுங்க. மழை பேஞ்சா ரெண்டு மாசம் நிக்கும், மீன் ஏறாது."

அவர் சொன்னதும் என் பாடப்புத்தகம் சொன்னதும் ஒன்றுதான். நான்தான் படித்ததை மறந்திருந்தேன்.

அறையில் பிளாஸ்டிக் தட்டில் மண்ணைப் பரப்பி, ஆழ்துளைக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த உப்புத் தண்ணியில பயறே முளைக்காது, தம்பி" என்றார். தண்ணீரின் உப்பை அறிய மின்கடத்து திறன் அளக்கும் கருவி பையில்தான் இருந்தது. எடுத்துக் குழாய்த் தண்ணீரில் வைத்தால், அக்கா சொன்னது சரி. மழைநீர் சேர்ந்து உப்பு குறையும்போதுதான் இந்த முட்டைகள் விழிக்கும். உப்பு மிகுந்தால் உறங்கிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தெருவில் குடிதண்ணீர் லாரியில் வரும், குடம் கணக்கில் காசு. அக்கா பிடித்து வைத்ததில் ஒரு குடம் கேட்க நாக்கு கூசியது. மண்ணுக்கு ஊற்றவா என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கொடுத்தார்.

இரண்டாம் நாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசிபோல ஏதோ ஆடியது. தூசி ஒரே திசையில் போகாதே! உருப்பெருக்கியில் பார்த்தால் கால் முளைத்த புள்ளிகள். பத்துப் பன்னிரண்டு நாளில் நகக்கண் அளவு வளர்ந்து, மல்லாந்து நீந்தின. ஃபேரி ஷ்ரிம்ப் என்று அவற்றுக்குப் பெயர். நீந்தும்போது கால்கள் மேலே, முதுகு கீழே. எல்லா முட்டையும் ஒரே சமயத்தில் பொரிவதில்லை. முதல் மழை ஏமாற்றினாலும் அடுத்த மழைக்கு மிச்சம் வேண்டுமல்லவா. தட்டை மறுபடி காயவைத்து மறுபடி நனைத்தபோது இன்னும் கொஞ்சம் வந்தன.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுவா? வயல்ல கண்மாய்க் கரம்பை மண்ண அடிச்சா முதல் மழைக்கு நெளியுமே!" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த வெற்றிக்கு நடுவே ஒரு அவமானமும் உண்டு. பிடித்து சாராயக் கரைசலில் போட்ட மாதிரிகளுக்குப் பால்பாயிண்ட் பேனாவால் சீட்டு எழுதி உள்ளே போட்டிருந்தேன். சாராயம் மையைக் கரைத்துவிட்டது. பதினோரு புட்டிகள், எது எந்தக் கண்மாய் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். கொட்டினேன். அதன்பின் பென்சில்தான்.

அலுவலகத்துக்கு இரண்டாவது அறிக்கையில் 'தண்ணீர் இல்லை' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே நானாக ஒரு கட்டம் வரைந்து, தட்டில் பொரிந்தவற்றின் பெயர்களை எழுதினேன். இந்த முறை எந்தக் கண்மாயையும் எடுக்கச் சொல்லவில்லை. கட்டத்தைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, அக்டோபரில் ஒரு ராத்திரி அக்காவிடமிருந்து போன். பின்னணியில் ஓட்டில் மழை விழும் சத்தம். "தம்பி, இங்க மழை வெளுத்து வாங்குது. குண்டு நெறஞ்சிருக்கும், உங்க பூச்சி வந்திருச்சான்னு காலையில போய்ப் பாக்கவா?"