ஃபிட்னஸ் கையெழுத்து

அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து ஃபைல் வந்தால் மேலே ஒரு சீட்டு குத்தியிருக்கும்: ‘ஃபிட்னஸ் தரவும்’. இ.சி.ஜி., எக்கோ, சுகர் பார்ப்பது, கையெழுத்துப் போடுவது. எடைக் குறைப்பு ஆபரேஷனில் பிசிஷியனுக்கு வேலை அவ்வளவுதான் என்று நானும் முதல் இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை முதலில் அசைத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். 128 கிலோ. சாதாரண பிரஷர் பட்டை அவர் கைக்குப் பத்தாது, அதில் பார்த்தால் இல்லாத பிரஷரையும் காட்டும். பெரிய பட்டையைத் தேடி எடுத்துவருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவர் மனைவி சிரித்தார். “கல்லாவுலயும் இப்படித்தாங்க சார். ராத்திரி குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வரும், நான்தான் தட்டி எழுப்புவேன்.”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது எக்கோ ரிப்போர்ட்டில் வராது. ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். கடுமையான மூச்சுத் தடை. மயக்க மருந்தும் அதன் பின் கொடுக்கும் வலி மருந்தும் இப்படிப்பட்டவர்களுக்குப் பொல்லாதவை. மூச்சுப் பாதை அடையாமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மாஸ்க்கோடு தூங்கிப் பழகட்டும் என்று தேதியைத் தள்ளினேன். சர்ஜனின் முகம் சுண்டிப்போனது. டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொன்னேன். அந்த மாத்திரையும் பட்டினியும் சேர்ந்தால் சுகர் 180 என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும்.

இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் முடிந்தது. எடை குறையும் முன்பே சுகர் இறங்கத் தொடங்கிவிடும் என்று படித்ததுதான், ஆனாலும் கண்ணால் பார்க்கும்போது வியப்பாகத்தான் இருந்தது. நாளுக்கு 60 யூனிட் இன்சுலின் போட்டவர் 12 யூனிட்டோடு வீட்டுக்குப் போனார். சுகரை இறக்கும் கிளிமிபிரைடைச் சீட்டிலிருந்து அடித்தேன். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரையை அடித்தேன். பழைய சீட்டையே தொடர்ந்திருந்தால் லோ சுகரில் வியர்த்து விழுந்திருப்பார். மூட்டு வலிக்குக் கடையில் அவராகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்கையும் விடச் சொன்னேன், உள்ளே இரைப்பையைக் குடலோடு தைத்த இடத்தில் புண் வந்துவிடும் என்று. அதற்குத்தான் அதிகம் வருத்தப்பட்டார்.

இன்ஷூரன்ஸ் கதை தனி. நம் உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், இங்கே சர்ஜன்கள் வைத்திருந்த பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) வரம்பு 37.5, சர்க்கரை போன்ற கூட்டு நோய் இருந்தால் 32.5. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதியிலோ 40, கடுமையான கூட்டு நோயோடு 35. 34-இல் நிற்பவருக்காகக் கடிதம் எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

இனி என் தவறு. முப்பது சொச்சம் வயதுப் பெண். ஸ்லீவ் ஆபரேஷன், இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஐந்தாவது வாரம் போன் செய்தார்: “சார், எது சாப்பிட்டாலும் வாந்தி வருது.” ஓ.பி.யில் கூட்டம். “மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்கம்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். எத்தனை நாளாக வாந்தி என்று கேட்கவில்லை. வைட்டமின் மாத்திரை வயிற்றில் தங்குகிறதா என்றும் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவர் கணவர் வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தார். பக்கத்துக் கிளினிக்கில் சோர்வுக்கு இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். “நேத்துல இருந்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுங்கறா. நின்னா தள்ளாடுறா.” என் விரலைப் பின்தொடரச் சொன்னேன். கண்மணிகள் ஓரத்தில் துடித்தன.

தயமின், அதாவது வைட்டமின் பி1 பற்றாக்குறை. உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். வாந்தியில் அது தீர்ந்துபோயிருக்க, குளுக்கோஸ் மிச்சத்தையும் எரித்துவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று முறை நரம்பில் ஏற்றினோம். மலிவான ஊசி. இரண்டாம் நாளே கண் நேரானது. நடை நேராக ஆறு மாதம் பிடித்தது. போனில் நான் என்ன சொன்னேன் என்பதைக் கணவரிடம் நானே சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இப்போது டிஸ்சார்ஜ் சீட்டில் என் கையெழுத்துக்கு மேல், ‘இரண்டு நாள் தொடர்ந்து வாந்தி என்றால் நேரே வரவும், முதலில் தயமின், பிறகுதான் குளுக்கோஸ்’ என்று தமிழிலேயே எழுதுகிறேன். அந்தப் பெண் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி12, இரும்புச்சத்து பார்க்க வருகிறார். அவர் கதவிலிருந்து நாற்காலிவரை நடந்து வந்து உட்காரும்வரை நான் ஃபைலைத் திறப்பதில்லை, கால்களைத்தான் பார்க்கிறேன்.