கேற்றில் இருந்து வாசல் வரை: இன்ரலொக் கல்லா, பெயின்ற் தரையா?

04.08.2024 ஞாயிறு

சிறுபோக வெட்டு முடிகிற கையோடு கேற்றில் இருந்து வாசல் வரைக்குமான பாதையைச் செய்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 60 அடி நீளம், 10 அடி அகலம். எதைப் போடுவது என்பதில்தான் இழுபறி. இவர் கொங்கிறீற் ஸ்லாப் போட்டு, மேலே செங்கல் நிறத்தில் தரைப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்கிறார். நான் இன்ரலொக் கல், அதாவது மணல் படுக்கையில் ஒன்றோடொன்று நெருக்கிப் பதிக்கிற சீமெந்துக் கல், என்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா பாதிக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரையும் கேட்க வேண்டும்.

கிளிநொச்சியில் வட்டக்கச்சிப் பக்கம் வளவு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு தெரியும். இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீட்டைக் கட்டி முடிக்கவே அந்த நேரம் மூச்சு வாங்கியது. பாதைக்குக் கிறவல் பறித்துப் பரவினதோடு விட்டுவிட்டோம். கோடையில் புழுதி, மாரியில் சேறு. நெல் மூட்டையோடு உழவு இயந்திரம் வந்து போனால் சில்லுத் தடம் இரண்டிலும் தண்ணீர் கட்டிவிடும். அம்மா பொல்லூன்றி நடப்பவர். மார்கழியில் அவர் கேற்றடிக்குப் போவதே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துவிடும். புரட்டாதிக்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

08.08.2024 வியாழன்

கிளிநொச்சி ரவுணில் ஒரு பெயின்ற் கடையில் நெடுநேரம் நின்று கேட்டேன். கடைக்காரத் தம்பி பொறுமையாகச் சொன்னார். எபொக்சி என்றால் கராஜுக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் நன்றாக நிற்கும், நேர் வெயில் பட்டால் மஞ்சளித்து மாப் பிடிக்கும். வெளித் தரைக்கு அக்ரிலிக் அல்லது பொலியூரித்தேன் வகைதான். எதை அடித்தாலும் சில வருடத்துக்கு ஒருமுறை திருப்பி அடிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் சொன்னார். புது ஸ்லாப் போட்டால் 28 நாள் கழியாமல் பெயின்ற் தொடக்கூடாது. அதற்குப் பிறகும் மேலே படிந்திருக்கும் மெல்லிய சீமெந்துப் பாலை அசிட் விட்டோ தேய்த்தோ எடுத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டால்தான் பெயின்ற் பிடிக்கும். வரும் வழியில் கணக்குப் பார்த்தேன். செப்டெம்பர் நடுவில் ஸ்லாப் போட்டால் பெயின்ற் அடிக்கிற நாள் நேராக ஐப்பசி மழைக்குள் போய் விழுகிறது. பிறகு மாசி வரை காத்திருக்க வேண்டும். இவரிடம் சொன்னேன். "மாசியில அடிச்சாப் போச்சு" என்றார். சரி.

11.08.2024 ஞாயிறு

ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் துண்டு ஒன்றை வெட்டி, போட்டிக்கோத் தரையில் நிழல் பக்கமாக நாலு ஓரமும் ரேப் ஒட்டி நேற்றுக் காலையில் விட்டோம். இன்று உரித்தபோது பொலித்தீனின் உள்பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக நீர்த்துளி. கீழே சீமெந்து கறுத்திருந்தது. விரலை வைத்தால் ஈரம் தெரிகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிற காலம், கிணறும் பக்கத்தில். சீமெந்தின் கண்ணுக்குத் தெரியாத துளை வழியே நிலத்து ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆவணி வெயிலில் இப்படி என்றால் மார்கழியில் எப்படி இருக்கும்?

இந்த ஈரத்தின் மேல் பெயின்ற் அடித்தால் அது கீழே இருந்து தள்ளப்பட்டுக் கொப்பளித்துக் கழரும். எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கூட, கேத்திலைப் பார்த்தாலே தெரியும். ஈரம் காயும் இடத்தில் அந்த உப்பும் பூக்கும்.

நியாயத்தையும் எழுதி வைக்கிறேன். போட்டிக்கோ போட்டபோது அடியில் பொலித்தீன் விரிக்கவில்லை. புது ஸ்லாபுக்குக் கீழே தடித்த பொலித்தீன் விரித்தால் பெரும்பகுதி ஈரம் நிற்கும். இவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

18.08.2024 ஞாயிறு

பரந்தனில் இவருடைய சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்களுடையது பெயின்ற் தரை. தூரத்தில் பார்க்க நல்ல வடிவு, அதை மறுக்கமாட்டேன். கார் நிற்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் நாலு ரயர் நின்ற இடத்திலும் பெயின்ற் இல்லை. உள்ளங்கை அளவில் நாலு சாம்பல் திட்டு, ஓரம் சுருண்டு நிற்கிறது. ஓடிவந்த ரயரின் சூட்டில் பெயின்ற் இளகி ரயரோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு வண்டியை எடுக்கும்போது பிடுங்கிக்கொண்டு போகும். சித்தி சொன்னது வேறு: "மழை பெய்தால் நான் சாக்கு விரிச்சுத்தான் பிள்ளை நடக்கிறனான்." பெயின்றோடு மெல்லிய மணலைக் கலந்து அடித்தால் வழுக்காது. ஆனால் அந்தச் சொரசொரப்பில் செம்மண் போய் அப்பினால் கழுவி முடியாது.

அம்மாவுடைய பொல்லை நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

ஆனால் அம்மாவோ ஸ்லாப் பக்கம்! "நெல்லுக் காயப்போட ஒரு தரை வேணும் மோனை. கல்லுப் பதிச்சா இடுக்குக்குள்ள நெல்லுப் போகும்." இதை நான் யோசித்திருக்கவில்லை, நல்ல கேள்வி. றோட்டோரத்தில் நெல்லுப் பரவிக் காய்ச்சுகிற ஊரில், சொந்த வளவுக்குள் 600 சதுர அடித் தரை என்றால் சும்மாவா? ஆனால் பெயின்ற் அடித்த தரையில் அம்மாவே நெல்லைப் போட விடமாட்டார். படங்கு விரித்துத்தான் போடுவார். படங்கு விரித்தால் கல்லும் ஒன்றுதான், ஸ்லாபும் ஒன்றுதான். இதைச் சொன்னதும் அம்மா கொஞ்சம் யோசித்தார்.

25.08.2024 ஞாயிறு

அண்ணா ரெலிபோன் எடுத்தார். ரொறன்ரோவில் அவருடைய வீட்டு முன்பாதை இன்ரலொக். அங்கே பனிக்காலத்தில் நிலத்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து கல்லை மேலே தூக்கும், இளகும்போது இறக்கும். அதற்காகவே ஆழமாகத் தோண்டிக் கல்லிட்டு இறுக்குவார்களாம். இங்கே உறைபனி இல்லை, எங்களுக்குத் தண்ணீர்தான் எதிரி. அதனால் ஆழம் குறையலாம், இறுக்கம் குறையக்கூடாது என்றார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "கிணத்தில இருந்து வாற பைப் அந்தப் பாதைக்குக் கீழாலதானே போகுது? அது வெடிச்சா என்ன செய்வியள்?" இவர் பேசாமல் இருந்தார். ஸ்லாப் என்றால் உடைக்க வேண்டும், ஒட்டுப் போட வேண்டும், பெயின்ற் ஒரே நிறத்தில் சேராது. கல் என்றால் அலவாங்கால் நெம்பி எடுத்து, வேலை முடிய அதே கல்லைத் திருப்பி வைக்கலாம். முடிவு அங்கேதான் திரும்பியது. செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 4 அங்குல ஸ்லாபுக்கு 35 பைக்கு மேல் சீமெந்து போகும், பெயின்றையும் சேர்த்தால் கல்லோடு சமம்தான் வருகிறது.

மழைத் தண்ணீர்க் கணக்கு ஒன்றும் எனக்கு மனதில் இருந்தது. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் இந்த 600 சதுர அடியில் மட்டும் 5,500 லீற்றருக்கு மேல் விழும். ஸ்லாப் அத்தனையையும் பக்கத்தால் தள்ளிவிடும். இன்ரலொக்கும் முழுவதையும் உள்ளே விடாதுதான், என்றாலும் இடுக்கு மணல் வழியாக ஒரு பங்கு நிலத்துக்குப் போகும். பங்குனி, சித்திரையில் கிணறு அடி தெரிகிற ஊரில் அந்த ஒரு பங்கும் எனக்குப் பெரிதுதான்.

31.08.2024 சனி

கல் அறுக்கும் இடத்துக்கு மேசன் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். 60 மில்லிமீற்றர் தடிப்பும் இருக்கிறது, 80உம் இருக்கிறது. ஓட்டோவும் காரும் மட்டும் வந்து போகிற வீட்டுக்கு 60 போதும். எங்களுக்கு நெல்லோடு உழவு இயந்திரம் வரும், ஆகவே 80.

மேசன் அண்ணை இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், கணீரென்று கேட்டது. பக்கத்து அடுக்கில் இருந்து இரண்டை எடுத்துத் தட்டினார், சத்தம் மந்தமாக விழுந்தது. காசு தருகிறோம் என்று சொல்லி அவற்றில் ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளே பொக்குப் பொக்காகத் துளை, ஆணியால் கீறினால் தூள் கொட்டுகிறது. சிவப்பும் மேலே கால் அங்குலம்தான், அடியெல்லாம் சாம்பல். முதல் அடுக்கின் கல்லுக்குள் துளை இல்லை. அதிலேயே எடுத்தோம், நிறம் போடாத சாம்பல். வெறுங்காலுக்குச் சூடும் குறைவு. 200க்கு 100 மில்லிமீற்றர்க் கல் என்றால் சதுர மீற்றருக்கு 50 வேண்டும். வெட்டில் போவதையும் சேர்த்து 2,900 சொல்லிவிட்டு வந்தோம்.

மணலுக்கு அனுமதிப் பத்திரம் உள்ள ரிப்பர்காரரைத்தான் பிடித்தோம். விலை கூடத்தான். ஆற்றைத் தோண்டிக் களவாக ஏற்றுகிற மணலில் எங்கள் வாசலுக்குப் பாதை வேண்டாம்.

08.09.2024 ஞாயிறு

10 அங்குலம் தோண்டியாயிற்று. போர் முடிந்து 2010இல் திரும்பி வந்தபோதே வெடிபொருள் அகற்றினவர்கள் பார்த்துக் கொடுத்த காணிதான், என்றாலும் மண்வெட்டியில் இரும்புச் சத்தம் கேட்டால் இங்கே எல்லோருடைய கையும் நிற்கும். கேற்றடியில் ஒருக்கால் கேட்டது. பழைய செல் துண்டு, துருப்பிடித்தது. பெடியன் அதை எடுத்து மதிலோரம் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

கிறவல் 4 கியூப், அதாவது 400 கன அடி, வந்தது, இறுகினால் 3 கியூபாக நிற்கும். மேசன் அண்ணை சொல்வதில் நான் மனதில் பதித்துக்கொண்டது இது: "கல்லை ஆரும் வைப்பினம் தங்கச்சி. கிறவலை இறுக்கிறவனைப் பார்த்துப் பிடியுங்கோ." 6 அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இறுக்கினால் மேலே மட்டும்தான் இறுகும். ஆகவே 3 அங்குலம் பரவி, தண்ணீர் தெளித்து, கொம்பக்டர் ஓட்டி, பிறகு மற்ற 3 அங்குலம். தண்ணீர் எவ்வளவு என்றால், கிறவலைக் கைக்குள் பிடித்தால் கொழுக்கட்டை மாவு நிற்கிற பதத்தில் நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்த மெசினின் அதிர்வில் சமையலறைத் தட்டெல்லாம் கலகலத்தது.

சாய்வு குறுக்குப் பக்கமாக, 10 அடிக்கு இரண்டரை அங்குலம், மாமரம் நிற்கும் பக்கம் பார்த்து. நூல் கட்டி, மட்டம் பிடித்து, நானே இரண்டாம் முறையும் அளந்தேன்.

22.09.2024 ஞாயிறு

நேற்று ஜனாதிபதித் தேர்தல், வேலை இல்லை. அதற்கு முன்னமே கல் பதித்து முடிந்துவிட்டது.

மணல் படுக்கை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பள்ளத்தை மணல் போட்டு நிரவலாம் என்று சிலர் நினைப்பார்கள், அந்த இடம்தான் பிறகு தாழும். கல்தூள் மலிவு என்று ஒருவர் சொன்னார். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்று மேசன் அண்ணை மறுத்துவிட்டார். கல்லை நேர் வரிசையாக வைக்காமல் மீன்முள் அடுக்கில் வைக்கச் சொன்னேன். உழவு இயந்திரம் கேற்றடியில் திரும்பும்போது கல்லைப் பக்கவாட்டில் தள்ளும், அந்த அடுக்கில் ஒரு கல்லை மற்றக் கல் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஓரமும் கொங்கிறீற் கட்டு. அது இல்லாவிட்டால் இரண்டு போகத்துக்குள் ஓரக்கல் விரிந்துவிடும்.

கடைசியில் காய்ந்த மெல்லிய மணலைக் கொட்டி, கூட்டி, கொம்பக்டர் ஓட்டி, திருப்பியும் கூட்டினோம். இடுக்கு நிரம்பும் வரை அதைச் செய்ய வேண்டும்.

20.10.2024 ஞாயிறு

முதல் மழைகள் வந்துவிட்டன. கல்லில் அங்கங்கே வெள்ளை பூத்திருக்கிறது, இவர் பயந்துவிட்டார். சீமெந்துக்குள் இருக்கும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது அது. கல் பழுது இல்லை, மழையில் மெல்ல மெல்லப் போய்விடும். அசிட் ஊற்றிக் கழுவக்கூடாது, கல்லின் முகத்தை அது தின்றுவிடும்.

எறும்பு இரண்டு இடத்தில் மணலைக் கிளறியிருக்கிறது. புல்லும் எட்டிப் பார்க்கிறது. கல் போட்டால் இந்த வேலை இருக்கும், மறைக்கத் தேவையில்லை. கிழமைக்கு ஒருமுறை கூட்டினால் புல் வேர் பிடிக்காது.

01.12.2024 ஞாயிறு

பெங்கல் புயல் நேற்றிரவு அக்கரையில், இந்தியாவின் புதுச்சேரிப் பக்கம், கரை கடந்துவிட்டது. இங்கே மழை விடாமல் அடித்தது. உயர்தரப் பரீட்சையை 27ஆம் திகதியில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒழுங்கை முழுக்க வெள்ளம். எங்கள் பாதையில் தண்ணீர் மாமரப் பக்கம் ஓடிப் போனது, நடுவில் எங்கும் கட்டவில்லை. கேற்றடியில் மட்டும் ஆறேழு கல் அரை அங்குலம் தாழ்ந்திருக்கிறது. ஒழுங்கை வெள்ளம் ஓரக்கட்டுக்குக் கீழால் புகுந்து மணலை இழுத்திருக்கிறது. மழை விட்டதும் மேசன் அண்ணை வருவார். அந்தக் கல்லை நெம்பி எடுத்து, கிறவல் போட்டு இறுக்கி, அதே கல்லை வைக்க வேண்டும். கேற்றுக்கு வெளியே குறுக்காக ஒரு சின்ன வடிகாலும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா இன்று காலை பொல்லோடு கேற்றடி வரைக்கும் போய் ஒழுங்கை வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கேட்ட நெல்லுத் தரை கடனாக நிற்கிறது. காலபோக வெட்டுக்கு முன்னம், தை மாதத்தில், கோடிப்பக்கம் 15 அடிச் சதுரத்தில் ஒரு ஸ்லாப். அடியில் பொலித்தீன் விரித்து, மேலே பெயின்ற் இல்லாமல். இவரும் சரி என்றுவிட்டார்.