காற்றாடிமலை முதல் குருசுமலை வரை: குமரி எல்லையில் ஒரு கோடைத் திருப்பயணம்

மே பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடித்துக்கொள்ளும். காற்றாடிமலையில் ஏற்றுவதற்கென்று கட்டுக்கட்டாக மெழுகுதிரி வாங்கி வருகிறவர்கள், தீப்பெட்டி காலியான பிறகுதான் மலைக்கு ஏன் இந்தப் பெயர் என்று யோசிப்பார்கள். ஆளுக்கு இரண்டு திரி போதும். அதையும் சுவர் மறைவில் ஏற்ற வேண்டும். குடையை அறையிலேயே வைத்துவிட்டு, தலைக்கு ஒரு துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

கிழக்கே வடக்கன்குளத்தில் தொடங்கி, நாகர்கோவில், தக்கலை, நெய்யூர் வழியாக, கேரள எல்லையில் வெள்ளறடைக் குருசுமலையில் முடிகிற மூன்று நாள் பாதை இது. திருவனந்தபுரத்தில் இறங்கி எதிர்த்திசையில் வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்தால் மலையேற்றம் முதல் நாளே வந்துவிடும். மிச்ச இரண்டு நாளும் பார்ப்பது ஆலயத்தை அல்ல, முழங்காலைத்தான்.

இந்தப் பாதையில் நிற்கும் இடமெல்லாம் கடல் கடந்து வந்த ஒருவரின் பெயர் இருக்கும். கொஞ்சம் விசாரித்தால், அவருக்கு வாசலைத் திறந்துவிட்ட உள்ளூர்க்காரர் ஒருவரும் கிடைப்பார். கல்வெட்டில் முன்னவர் பெயர் பெரிதாக இருக்கும். பின்னவரைத் தேடிக்கொண்டு போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நாகர்கோவிலில் பேருந்து நிலையம் இரண்டு என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி, மார்த்தாண்டம், திருவனந்தபுரம் போகிற வண்டிகள் பொதுவாக வடசேரியில் நிற்கும். மயிலாடி, கன்னியாகுமரி, திங்கள்சந்தைப் பக்கம் போகிற வண்டிகள் மீனாட்சிபுரத்து அண்ணா நிலையத்தில் கிடைக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் காலை வேளையில் அரை மணி நேரம் போய்விடும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் வடசேரியில் இருக்க வேண்டும். காவல்கிணறு போய், அங்கிருந்து வடக்கன்குளம். நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆன ஊர் இது. லாசர் என்ற பெயருக்குத் 'தேவனே சகாயம்' என்று பொருள். அதைத் தமிழாக்கி வைத்த பெயர்தான் தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியாளர் ஒருவர் எல்லை தாண்டி இவ்வளவு தூரம் ஏன் வந்தார் என்ற கேள்வி எழும். மன்னரின் ஆட்சிக்குள் அந்தத் திருமுழுக்கைக் கொடுப்பது ஆபத்து. அதனால் பாண்டிநாட்டுப் பக்கம் இருந்த இயேசு சபைக் குருவிடம் அனுப்பப்பட்டார். அனுப்பியவர் டிலனாய். அவரை இரண்டாம் நாள் பார்ப்போம்.

வடக்கன்குளத்தில் இன்னொரு செய்தியும் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கட்டிய கோயில், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கைகள் பிரிந்து, நடுவில் சுவரோடு நின்றது. கால்சட்டைக் கோயில் என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். சுவர் இடிந்தது 1910இல்தான். திருப்பயணக் கையேடுகள் இதை விழுங்கிவிடுகின்றன, விழுங்கக் கூடாது.

ஒன்பதரைக்குள் காற்றாடிமலைக்குத் திரும்பிவிடுங்கள். 1752 ஜனவரி 14 அன்று தேவசகாயம் சுடப்பட்ட இடம். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். குருவும் துறவியும் அல்லாத, மனைவியோடு குடும்பம் நடத்திய ஓர் இந்தியர் அந்த நிலைக்கு உயர்ந்தது அதுவே முதல் முறை. அவர் முழந்தாளிட்ட பாறையையும், கல்லால் தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கும் மணியடிச்சான் பாறையையும் மக்கள் காட்டுவார்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்கள் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம், பக்திக்குக் குறைவில்லை. பிள்ளைகள் மணிப்பாறையை மாறிமாறித் தட்டுவார்கள். பக்கத்தில் முழந்தாளில் இருப்பவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்வது பெரியவர்கள் வேலை.

பிற்பகல் மயிலாடி. ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். கல் சிற்பத்துக்குப் பேர்போன ஊர். ஒரே பட்டறையில் பிள்ளையாரும் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கிக் கிடக்கும். இங்கிருந்து மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே மனம் நிறையாமல் தஞ்சாவூருக்குப் போய், அங்கிருந்த மிஷனரி கோலாப் பிரசங்கிப்பதைக் கேட்டு, திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பினார். வந்து சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று ஆள்மேல் ஆள் சொல்லிக் கேட்டபடி இருந்தார். அப்படி வந்தவர்தான் பிரஷ்யாவில் பிறந்த ரிங்கல்தௌபே. லண்டன் மிஷனரி சங்கத்தால் அனுப்பப்பட்டு 1804இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. 1816இல் உடல் நலிந்து ஊரை விட்டபோது, சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். சென்னை போய்ச் சேர்ந்தபோது தலையில் நாட்டு ஓலைத் தொப்பி, மேலே கோட்டு இல்லை. அதற்குப் பிறகு கப்பலேறியவர் என்ன ஆனார் என்பதற்குத் தெளிவான பதிவே இல்லை. கல்லறை இல்லாத மிஷனரி. அதனால் மயிலாடியில் பூமாலை வாங்கிக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று தேட வேண்டாம்.

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்கள் வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டியிருக்கும். இதுதான் இந்தப் பயணத்தில் அடிக்கடி நேர்கிற ஏமாற்றம். இரண்டு நாளைக்கு முன்பே சேகர (சபை வட்டார) அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டால், கோயில்பிள்ளை சாவியோடு நிற்பார். சொல்லாமல் போனால் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வரலாம். கத்தோலிக்க ஆலயங்கள் பகலில் திறந்திருக்கும் என்றாலும் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை நம்ப வேண்டாம். இரு சபையிலும் செருப்பு வாசலோடு சரி.

இரண்டாம் நாள் கோட்டாறில் தொடக்கம். காலைத் திருப்பலிக்குப் போனால் தேவசகாயத்தின் கல்லறையில் அமைதியாக நிற்கலாம். எட்டு மணிக்கு மேல் கூட்டம். ஆலயத்தின் பெயருக்கு உரியவரான புனித சவேரியார் 1544இல் இந்தக் கடற்கரை ஊர்களில் நடந்தவர். ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைவிட, ஜெப மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, தெருத்தெருவாக மணியடித்துச் சொல்லிக்கொடுத்தார் என்பது பெரிதாகப் படுகிறது. மொழிபெயர்த்துக் கொடுத்த தமிழர்களின் பெயரை ஒரு பீடத்திலும் காணோம்.

நாகர்கோவில் கஸ்பா சபைக்கு 1819இல் அடிக்கல் போட்டார்கள். கட்டியவர் மிஷனரி சார்லஸ் மீட். அடுத்து வந்த மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா தொடங்கிய லேஸ் பின்னலில், அடிமைக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் கூலி சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்களுடையதே. அது 1859 ஜூலை அரசாணையில் போய் முடிந்தது. ஆலயத்துக்கு அரை மணி நேரம், இந்தக் கதைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பத்தரை மணி வாக்கில் தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சி. சாலையோரமே முட்டிடிச்சான் பாறை. காவலர் இழுத்துச் சென்ற வழியில், தாகத்தில் தேவசகாயம் கைமுட்டால் இடிக்கத் தண்ணீர் சுரந்தது என்பது நம்பிக்கை. குழி சிறியது. பாட்டிலை முக்கிக் கலக்காமல், கோயிலில் சொல்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் தண்ணீர் கொஞ்சமாகத்தான் கிடக்கும்.

எதிரே உதயகிரிக் கோட்டை. நுழைவுச்சீட்டு உண்டு. உள்ளே கூரை போன ஒரு சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி, பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியாகி 'வலிய கப்பித்தான்' என்று பேர் வாங்கி, 1777இல் இங்கேயே கண் மூடினார். ஊழியத்துக்கென்று வந்தவரே அல்ல. நொந்து கிடந்த நீலகண்ட பிள்ளைக்கு விவிலியத்தில் துன்பத்தைத் தாங்கிய யோபின் கதையைச் சொன்ன நண்பர், அவ்வளவுதான். தமிழ் எழுத்தைப் படிக்க வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கு முன்பு போங்கள். வெயில் நேர் உச்சிக்கு வந்துவிட்டால் எழுத்தில் நிழல் விழாது, கல் வெறும் கல்லாகத் தெரியும்.

திருவிதாங்கோட்டு அரப்பள்ளி தக்கலையிலிருந்து ஆட்டோ தூரம். தோமா அப்போஸ்தலர் நிறுவியதாக மரபு. சிறிய கருங்கல் கட்டடம், உள்ளே குளிர்ச்சி. மதியம் அங்கே கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மிச்ச நாளுக்குத் தெம்பு வந்துவிடும். சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். வழியில் அக்கானி (பதநீர்) விற்றால் காலையில் குடியுங்கள். மதியத்துக்கு மேல் புளித்துவிடும், வயிறு கலங்கும். மட்டிப்பழம் ஒரு சீப்பு பையில் இருந்தால் மலைக்கும் ஆகும்.

மாலை நெய்யூர். இரணியல் ரயில் நிலையமும் திங்கள்சந்தையும் பக்கம். இங்கே மருத்துவ ஊழியத்தை 1838இல் தொடங்கியவர் டாக்டர் ராம்சே. ஆனால் எல்லோரும் கேட்பது சாமர்வெல்லைத்தான். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர். பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் மாண்ட அந்த முயற்சி முடிந்து, ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் நெய்யூரில் வந்து நின்றார். வாசலில் நோயாளிகள் வரிசை, உள்ளே கத்தி பிடிக்க ஒரே மருத்துவர். விடுமுறைக்கு வந்த மனிதர் லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்ட் போய், 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்துச் சாவைத் தொட்டுத் திரும்பியவர், அதற்குப் பிறகும் நெய்யூருக்கே வந்தார். இங்கே அழைத்தவர் யார் என்று கேட்டால், அந்த வரிசையைத்தான் காட்ட முடியும்.

நெய்யூர் இன்றும் மருத்துவமனை. காலை வெளிநோயாளர் நேரத்தில் இருபது பேராகப் போய் நடுவில் நின்று ஜெபிப்பது கூடாது. மாலை நான்கரைக்கு மேல், ஐந்தைந்து பேராக, படம் எடுக்காமல்.

கோடையில் ஊழியக் குழுவாகவே வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லைக் கிராமங்களில் மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். உள்ளூர் ஆயரோ பங்குத்தந்தையோ கூப்பிட்டால் மட்டும் போங்கள். பதினைந்து பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை. நடுவில் மோர் பிள்ளைக்கு ஒரு தம்ளர் என்றால் ஐம்பது பேருக்குப் பத்து லிட்டர். சொதப்புவது பெரும்பாலும் பாடல் விஷயத்தில்தான். நகரத்துக் குழு ஆங்கிலப் பாட்டோடு வரும். எல்லையோரப் பனச்சமூட்டுப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிறவர்கள். நாலு வரித் தமிழ்ப் பாட்டு இரண்டு, மலையாளப் பாட்டு ஒன்று முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவினர் கூட வந்தால், சுற்றுலா விசாவில் ஆலயத்துக்கு வரலாம், ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யக் கூடாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவரும் மிஷனரிப் பணிக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். மாட்டிக்கொள்வது வந்தவர் மட்டுமல்ல, கூட்டிவந்த சபையும்தான்.

மூன்றாம் நாள் வெள்ளறடை. மார்த்தாண்டத்திலிருந்து பனச்சமூடு வழி நேராகப் போகலாம். களியக்காவிளை, பாறசாலை வழி சுற்று. தமிழகத்தின் சாதா நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற பழக்கத்தில் கேரள வண்டியில் சும்மா உட்கார்ந்துவிடாதீர்கள், அங்கே சீட்டு எடுக்க வேண்டும். பெயர்ப்பலகையும் மலையாளத்தில் இருக்கும், ஏறுமுன் நடத்துநரிடம் ஊரைச் சொல்லிக் கேளுங்கள்.

குருசுமலையில் பெருந்திரள் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில், முக்கியமாகப் பெரிய வியாழனும் வெள்ளியும். கூட்டத்தோடு ஏற ஆசைப்பட்டால் அப்போது வாருங்கள். நிலைக்கு நிலை நின்று ஜெபிக்க ஆசைப்பட்டால் ஈஸ்டர் முடிந்த பிறகு. அதே மலைத்தொடரில் காளிமலை. சித்ரா பௌர்ணமிக்கு அங்கே பொங்கல் வைக்க ஆயிரக்கணக்கில் வருவார்கள். அன்று பத்துகாணிப் பக்கம் வண்டி நகராது. நாள்காட்டியைப் பார்த்துத் தேதி வையுங்கள். அவர்கள் பாதையில் நின்று துண்டுப்பிரசுரம் நீட்டும் வேலையும் வேண்டாம்.

அடிவாரத்தில் விடியற்காலை ஐந்து மணி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று, பழம், கைத்தடி. சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைக்கும் ஐந்தைந்து நிமிடம் என்றால் ஜெபத்துக்கே எழுபது நிமிடம். அதை நடைக் கணக்கில் சேர்க்காதவர்கள் கடைசி நிலைகளை ஓடியே முடிப்பார்கள். மரச்சிலுவை சுமப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் தோளில் மடித்த துண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஆள் மாற்ற நான்கு பேர் வேண்டும். வயதானவர்கள் ஏழாம் நிலையோடு நின்று அங்கேயே மிச்சத்தைச் சொல்லலாம், நேர்ச்சை குறையாது.

பதினொன்றுக்குள் இறங்கத் தொடங்குங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வரும்; இடி விழும்போது மொட்டைப் பாறையில் நிற்கக் கூடாது. நனைந்த பாறையில் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கால் வழுக்கும். பக்கவாட்டாக, ஒருவர் பின் ஒருவராக இறங்கினால் போதும்.

கீழே வந்து கஞ்சியும் பயறும் சாப்பிட்டபின் நேரம் மிச்சம் இருந்தால், திரும்பும் வழியில் காரக்கோணம். சாமர்வெல் பெயரில் சிஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி நிற்கிறது, எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கும் காலையில் வாசலில் வரிசைதான்.